காற்றின்மேல் நிற்கும் வீடு

வில்வண்டி என்னும் சொல்லை இக்கால மாணவர்களுள் பலர் கதைப் புத்தகங்களில் மட்டுமே கண்டிருப்பர். வில்லேந்திய வீரன் ஏறிச்சென்ற வண்டி என்று அதற்குப் பொருள் கொண்டவர்களையும் நான் அறிவேன். அந்த வில்லுக்கும் அம்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மாட்டு வண்டியின் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே, வில்லைப்போல் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொருத்தியிருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அப்பட்டைகள் வளைந்து கொடுக்கும். உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அதிர்ச்சி குறையும். அதனாலேயே அது வில்வண்டி ஆயிற்று. வண்டியின் விலையை உயர்த்திய உறுப்பு எதுவோ, அதன் பெயரையே வண்டிக்கு இட்டனர் நம் முன்னோர்.

அந்த எஃகு வில் காலப்போக்கில் காற்று வில்லாக மாறிய வரலாற்றையும், அவ்வாறு காற்றின்மேல் நிற்கும் பழைய மோட்டார் வீடு ஒன்றை இன்றளவும் எவ்வாறு காத்துவருகின்றனர் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். இது பொறியியல் பாடம் அன்று; வரலாற்றுப் பாடமே. ஒரு பொருளைக் கண்டுபிடித்தவரின் பெயரை வரலாறு ஏட்டில் எழுதிவைக்கிறது. அதனை நாள்தோறும் துடைத்து, திருகி, பழுது பார்த்துக் காத்தவரின் பெயரை அது எழுதுவதில்லை. ஆயினும் அப்பொருள் உலகில் நிலைத்ததா, மறைந்ததா என்பதைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் இந்த இரண்டாமவரே என்பது என் கருத்து. காற்று வில்லின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

நான் வளர்ந்த சிம்மக்கல், மதுரை மாநகரின் வடபால், வையையின் தென்கரையை ஒட்டிய பகுதி. ஆற்றைக் கடந்து வடக்கேயிருந்து வரும் வண்டிகளுக்கு அது நகரத்தின் வாயில்போல் அமைந்திருந்தது. அருகே திலகர் திடலில் ஞாயிறுதோறும் கூடிய சந்தையில் பழைய கருவிகளும் வண்டி உதிரிகளும் குவிந்திருக்கும். ஓரிடத்தில் உதவாமற்போன உறுப்பு, மற்றோரிடத்தில் மறுபிறவி எடுப்பதை அங்கே நான் கண்டிருக்கிறேன். மாட்டு வண்டிக்காரர்கள் வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை இடுவார்கள். மை இடாத வண்டி தெருமுனையில் வரும்போதே கிறீச்சென்று கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கொல்லுப் பட்டறையில், தளர்ந்து நேராகிப்போன வில் பட்டையை உலையில் காய்ச்சி, அடித்து, இழந்த வளைவை மீட்டுத் தருவார்கள். ‘எத்தனை சுமை ஏற்றுவீர்கள்?’ என்று கேட்ட பின்னரே கொல்லர் பட்டையை உலையில் வைப்பார். அந்தக் கேள்வியில் பெரியதொரு உண்மை அடங்கியிருந்தது. எஃகு வில் ஏதேனும் ஓர் அளவுச் சுமைக்கே பொருத்தமாக அமையும். நிறைந்த சுமைக்கேற்ப அதனை வலிவாக அமைத்தால், வெறும் வண்டி தூக்கியடிக்கும். வெறும் வண்டிக்கேற்ப மென்மையாக அமைத்தால், நிறைந்த வண்டி அச்சில் இடிக்கும். கூட்டம் நிறைந்த பஸ்ஸில் மெத்தென்று பயணம் செய்தவர், அதே பஸ் காலியாகத் திரும்பும்போது பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்தால் இது விளங்கும்.

மோட்டார் வண்டிகளைப் பேணும் கலையில் மதுரைக்கெனத் தனிப் பெயர் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911ஆம் ஆண்டில் தம் தொழிலைத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் முதன்முதலில் பஸ் ஓட்டிய பாதைகளுள் ஒன்று தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்டது. பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு அது சுற்றுப்புறமெங்கும் பரவிற்று. டி.வி.எஸ். பஸ் கடந்து போவதைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரையில் சொல்வார்கள். மாட்டு லாடங்களிலிருந்து சாலையில் உதிரும் ஆணிகளைக் காந்தம் பூட்டிய வண்டியைக் கொண்டு அந்த நிறுவனம் பொறுக்கச் செய்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவதினும், பஞ்சர் ஆகாமல் வழியைத் துப்புரவாக்குவதே மேல் என்ற எண்ணம் அதில் வெளிப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது கரியை எரித்து அதிலிருந்து பெறும் வாயுவால் வண்டிகளை ஓட்டும் கருவியை டி.வி.எஸ். நிறுவனம் செய்து அளித்தது. அக்கருவியின் சாம்பலை நாள்தோறும் வாரி, வடிகட்டியைத் துப்புரவு செய்யாவிட்டால் வண்டி நகராது. பேணும் பழக்கம் உடைய ஊருக்கே அத்தகைய கருவி பயன்பட்டது. 1950களில் சுந்தரம் மோட்டார்ஸ் என்னும் அதன் கிளை நிறுவனம், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்பதில் முன்னணியில் நின்றது. சுந்தரம் ஐயங்கார் 1955ஆம் ஆண்டு மறைந்தார். 1972ஆம் ஆண்டில் பஸ்கள் அரசுடைமை ஆகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் மதுரையில் தோன்றியது.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் வழி இனி அதனிடம் செல்கிறது. அதற்குமுன், காற்று எவ்வாறு சுமை தாங்கியாயிற்று என்பதைக் காண்போம்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். சிறிது தூரம் எளிதில் இறங்கும். மேலும் இறங்க இறங்க எதிர்ப்பு வலுக்கும். கையை எடுத்தால் பிடி தானே மேலெழும். அடைபட்ட காற்று ஒரு வில்லே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. வெப்பநிலை மாறாதிருக்கும்போது, அடைபட்ட காற்றின் கன அளவு பாதியானால் அதன் அழுத்தம் இரு மடங்காகும் என்னும் விதியை ராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இவ்வுண்மையைச் சக்கரத்திற்கு முதலில் பயன்படுத்தியவர் ஸ்காட்லாந்தினரான ராபர்ட் வில்லியம் தாம்சன். காற்றடைத்த சக்கரப் பட்டைக்கு அவர் 1845ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். குதிரை வண்டிகளில் அது நன்றாகவே உருண்டது. ஆயினும் அதற்கான ரப்பர் விலை மிகுந்திருந்தது. அதனைப் பழுது பார்க்கும் தொழிலும் அக்காலத்தில் தோன்றவில்லை. உலகம் அதனை மறந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் பெல்ஃபாஸ்ட் நகரில், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக ஜான் பாய்டு டன்லப் மீண்டும் அதே எண்ணத்தை எட்டி, 1888ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். இம்முறை சைக்கிள் பெருகியிருந்தது. அதனுடன் பம்பும் ஒட்டுப்போடும் கடையும் பெருகின. கண்டுபிடிப்பு நிலைத்துவிட்டது.

சக்கரத்தைச் சுற்றி அடைத்த காற்றை, சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே, எஃகு வில் இருக்கும் இடத்திலேயே வைத்தால் என்ன? இக்கேள்வி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹம்ஃபிரீஸ் என்பவர் காற்று வில்லுக்கு உரிமம் பெற்றார். 1930களில் ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனம் ரப்பரும் நூலிழையும் சேர்த்துச் செய்த காற்றுப் பைகளைக் கொண்டு சோதனைகள் நடத்தியது. 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பஸ்களில் காற்று வில்லைப் பொருத்தத் தொடங்கிற்று. 1954ஆம் ஆண்டில் கிரேஹவுண்டு நிறுவனத்தின் நெடுந்தூரப் பஸ்ஸான சீனிக்ரூசர் காற்றின்மேல் ஓடியது.

இதன் சிறப்பு யாது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றுப் பையின் தாங்கும் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் வீதம் அழுத்தம் இருந்தால் அது 1,500 கிலோகிராம் சுமையைத் தாங்கும். சுமை 1,800 கிலோகிராமாக உயர்ந்தால் பையை மாற்ற வேண்டுவதில்லை. அழுத்தத்தை 6 ஆக உயர்த்தினால் போதும். இவ்வேலையைச் செய்வதற்கு உயரம் காக்கும் வால்வு ஒன்று உண்டு. சுமை ஏறி வண்டி தாழ்ந்தால், அச்சுடன் இணைந்த சிறு கைக்கோல் அந்த வால்வைத் திறந்து பைக்குள் காற்றை விடும். சுமை இறங்கி வண்டி உயர்ந்தால், காற்றை வெளியே விடும். கொல்லர் கேட்ட ‘எத்தனை சுமை?’ என்ற கேள்வியை வண்டி தானே ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

இங்கே வரலாறு நமக்கு ஒரு சோதனையை நடத்திக் காட்டுகிறது. பஸ்களில் கண்ட வெற்றியால் ஊக்கம் கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ், 1957ஆம் ஆண்டில் காடிலாக் எல்டொராடோ புரோம் என்னும் விலையுயர்ந்த காரில் காற்று வில்லைப் பொருத்தியது. 1958ஆம் ஆண்டில் தன் மற்றக் கார்களுக்கும், வேண்டுவோர்க்குக் கூடுதல் விலையில் அதனை அளித்தது. கார்களோ கசிவினால் தாழ்ந்து நின்றன. காற்றுப் பையைக் கழற்றிவிட்டுப் பலர் எஃகுச் சுருள் வில்லுக்கே திரும்பினர். மற்றக் கார்களில் அவ்வசதி சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டது. அதே நிறுவனம், அதே காற்று, ஏறக்குறைய அதே காலம். பஸ்ஸில் வென்றது, காரில் தோற்றது. காரணங்கள் பல இருக்கலாம். எனக்குத் தலையாயதாகத் தோன்றுவது ஒன்றே. பஸ் ஒவ்வோர் இரவும் பணிமனைக்குத் திரும்பி வந்தது. அங்கே கையில் விளக்குடன் அதன் அடியில் குனிந்து பார்க்க ஒரு தொழிலாளி இருந்தார். கார் வீட்டுக் கொட்டகையில் நின்றது. அங்கே எவரும் குனிந்து பார்க்கவில்லை.

இனி மோட்டார் வீட்டிற்கு வருவோம். சமைக்க அடுப்பும், படுக்கக் கட்டிலும், கழிப்பறையும் உள்ளே அமைந்த வண்டியை மேனாட்டினர் அப்பெயரால் அழைப்பர். 1973 முதல் 1978 வரையிலான ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜி.எம்.சி. பிரிவு மிச்சிகன் மாநிலத்தில் ஒருவகை மோட்டார் வீட்டைச் செய்தது. 23 அடி, 26 அடி ஆகிய இரு நீளங்களில், ஏறத்தாழ 13,000 வண்டிகள் வெளிவந்தன. முன் சக்கரங்களையே எஞ்சின் இழுக்கும். ஆகவே அடியில் நீண்ட தண்டு இல்லை. பின்பக்கம் குறுக்கு அச்சும் இல்லை. தரை தாழ்வாக அமைந்தது. முன்புறத்தைத் தாங்கியவை எஃகு முறுக்குத் தண்டுகள். பின்புறம் பக்கத்திற்கு இரண்டாக நான்கு சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு பக்கத்து இரு சக்கரங்களின் கைகளுக்கும் இடையே ஒரே ஒரு காற்றுப் பை படுக்கைவாட்டில் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து அழுத்திப் பாருங்கள், அமைப்பு விளங்கிவிடும். முன்னுள்ள சக்கரம் மேட்டில் ஏறினால் பந்து அழுந்தும். அந்த அழுத்தத்தைப் பின்னுள்ள சக்கரமும் பகிர்ந்துகொள்ளும். இரவில் சரிவான இடத்தில் தங்க நேர்ந்தால், ஓட்டுபவர் விசையைத் தொட்டு வண்டியின் பின்புறத்தைப் பக்கம் பக்கமாக உயர்த்தியும் தாழ்த்தியும் வீட்டைச் சமன் செய்யலாம்.

1978ஆம் ஆண்டுடன் அவ்வண்டிகளின் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை கைவிட்ட ஒரு வண்டி எத்தனை ஆண்டு ஓடும்? அவற்றுள் கணிசமானவை அரை நூற்றாண்டு கடந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் சங்கங்களாகக் கூடி, கைந்நூல்களைப் பகிர்ந்து, புதிய பைகளைச் செய்வித்து, பழையவர் அறிந்ததைப் புதியவருக்குக் கற்பித்து வந்தனர். பணிமனை இல்லாத காருக்கு நேர்ந்த கதி இதற்கு நேராமைக்கு, உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தாமே ஒரு பணிமனை ஆனதே காரணம்.

அவர்கள் செய்வது என்ன? முதல் வேலை அளத்தல். சமதரையில் வண்டியை நிறுத்தி, சட்டத்திற்கும் தரைக்கும் உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து குறித்துவைப்பார்கள். மறுநாட் காலையில் மீண்டும் அளப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் கசிவு அப்பக்கத்துப் பையிலோ, குழாயிலோ, வால்வியிலோ இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றாகத் தாழ்ந்தால் இரு பக்கங்களிலும் கசிவு இருக்கலாம், அல்லது இரண்டிற்கும் பொதுவான பகுதியில் குறை இருக்கலாம். பின்னர், நுரை வரக் கலக்கிய சோப்பு நீரை ஒவ்வோர் இணைப்பிலும் தடவுவார்கள். காற்று கசியும் இடத்தில் குமிழி எழும். சைக்கிள் கடையில் டியூபை நீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பதும் இதுவே அன்றோ?

இரண்டாவது வேலை நீரை வடித்தல். காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. காற்றை நெருக்கிக் குளிரவிட்டால் அந்த ஈரம் நீராகித் தொட்டியின் அடியில் தங்கும். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் நம் ஊரில் இது மிகுதி. அந்நீரை வடிக்காவிட்டால் தொட்டி துருப்பிடிக்கும். துருவின் துகள் வால்வுக்குள் புகுந்து அதனைச் சிக்கவைக்கும். குளிர்நாடுகளில் நீர் உறைந்து குழாயை அடைக்கும். மூன்றாவது வேலை ரப்பரைப் பார்த்தல். வெயிலும் ஆண்டுகளும் ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். வெடிப்பு உள்ளிருக்கும் நூலிழைவரை சென்றுவிட்டால் பையை மாற்றுவதே முறை. ஒட்டுப்போட்டு ஓட்டுவது ஆகாது. எண்ணெய் படாமல் காப்பதும், உராயும் குழாயை விலக்கிக் கட்டுவதும் இதனுள் அடங்கும்.

எல்லாவற்றிற்கும் மேலான விதி ஒன்று உண்டு. காற்றை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையக் கூடாது. ஜாக்கியால் உயர்த்திய பிறகும், உறுதியான இரும்புத் தாங்கிகளைச் சட்டத்தின் கீழ் நிறுத்திய பின்னரே உள்ளே செல்ல வேண்டும். பை வெடித்தாலோ குழாய் நழுவினாலோ அந்த வீடு முழுவதும் ஒரு நொடியில் கீழிறங்கிவிடும். காற்றின் வலிமையை அறிந்தவரே அதன் நிலையாமையையும் அறிவார்.

கடல் கடந்த ஒரு வண்டியின் கதை மதுரை மாணவர்க்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காற்று வில் நம் சாலைகளுக்கும் எப்போதோ வந்துவிட்டது. டி.வி.எஸ். குடும்பத்து நிறுவனங்களுள் ஒன்றாக 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வீல்ஸ் இந்தியா, பஸ்களுக்கான காற்று வில் அமைப்புகளைச் செய்கிறது. 2001ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமான வோல்வோ பஸ்கள் அதன் சுகத்தை நெடுந்தூரப் பயணிகளுக்குக் காட்டின. 2024ஆம் ஆண்டில் சென்னை மாநகரில் புதிய தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் அவற்றின் காற்றுப் பைகளிலிருந்து காற்றை விட்டால், வாசற்பக்கம் யானை மண்டியிடுவதுபோல் தாழும். முதியவர் சிரமமின்றி ஏறுவார். சாய்பலகையின் வழியே சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தூக்காமல் தாமே உள்ளே செல்வார்.

இங்கே பேணுதல் என்பது சுகத்தைப் பற்றியது மட்டும் அன்று. உயரம் காக்கும் வால்வு சிக்கினால் மோட்டார் வீட்டில் ஒரு குடும்பத்தின் உறக்கம் கெடும், அவ்வளவே. தாழ்தளப் பஸ்ஸில் அதே வால்வு சிக்கினால், சக்கர நாற்காலியில் காத்திருக்கும் மாணவி ஒருத்தி அன்று கல்லூரிக்குப் போக முடியாது. அவளுக்குச் சட்டம் அளித்த உரிமையை நாள்தோறும் மெய்யாக்கித் தருபவர், இரவில் தொட்டி நீரை வடிக்கும் பணிமனைத் தொழிலாளி. சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அவரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். வில் பட்டைக்கு வளைவு மீட்கும் கொல்லர்கள் அருகிவிட்டனர். கரிவாயு வண்டியை ஓட்டிய கைகள் மறைந்துவிட்டன. எரியும் கரியின் மணத்தை வைத்தே வாயுவின் தரத்தை அறிந்தவர் உண்டெனில், அவர் அறிவும் அவருடனே சென்றிருக்கும். இன்று பணிமனைகளிலும், நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளிலும் காற்று வில்லைப் பேணுவோர், காதால் கேட்டே கசிவை அறியும் பழக்கம் உடையவர்கள். அவர்களுள் ஓய்வுபெறும் வயதினர் பலர் இருப்பர். ஒரு நாள் ஒருவரிடம் சென்று, ஐயா, இதை யாரிடம் கற்றீர்கள், முதலில் எதைப் பார்ப்பீர்கள், எதனால் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேதியும் இடமும் குறியுங்கள். அவர் இசைந்தால் பெயரையும் எழுதுங்கள். கல்வெட்டைப் படியெடுப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டுமோ அத்தனை பொறுமை இதற்கும் வேண்டும். கல்வெட்டோ இன்னும் பல நூறு ஆண்டுகள் காத்திருக்கும். அவர் காத்திருக்க மாட்டார்.